குரல் இருக்கிறது, ஆள் எங்கே?

2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, அமெரிக்காவில் பல ஊர்களில் ரேடியோ அறிவிப்பாளர்களுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று.

அவர்கள் எல்லோரும் நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள் அல்ல. 20 வருஷம், 30 வருஷம் ஒரே ஊரில் பேசியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் குரலைக் கேட்டுத்தான் அந்த ஊர் காலையில் கண் விழிக்கும். பனி கொட்டியதால் இன்று பள்ளிக்கூடம் உண்டா இல்லையா, எந்தப் பாலத்தில் வண்டிகள் நிற்கின்றன, யார் வீட்டு நாய் காணாமல் போயிற்று என்றெல்லாம் சொன்னவர்கள் அவர்களே.

மறுநாள் நேயர்கள் ரேடியோவைத் திருப்பினார்கள். வேறு குரல் வந்தது. பழைய ஆள் எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை.

ரேடியோத் தொழிலில் இது ஒரு கெட்ட வழக்கம். வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர் கையில் மைக்கைக் கொடுக்க மாட்டார்கள். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம். நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்தவரை ஓர் அறைக்குள் அழைத்து, சமாச்சாரத்தைச் சொல்லி, வாசல் வரை கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை கூடக் கடைசி நாளில் வாடிக்கைக்காரர்களிடம் "போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் முழுவதோடும் தினமும் பேசியவருக்கு அந்த ஒரு வார்த்தைக்கு வழி இல்லை.

ஆட்குறைப்புச் செய்த கம்பெனியின் பெயர் ஐஹார்ட் மீடியா. அமெரிக்காவில் 850-க்கும் அதிகமான ரேடியோ நிலையங்களை வைத்திருக்கும் பெரிய கம்பெனி. எத்தனை பேரை அனுப்பினார்கள் என்ற கணக்கைக் கம்பெனி வெளியிடவில்லை. பல நூறு பேர் என்பது மட்டும் நிச்சயம். அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் ஆட்குறைப்பு. 2024 நவம்பரிலும் அதே கதை.

"ரேடியோவை இப்போது யார் கேட்கிறார்கள்? எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. விளம்பரப் பணம் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டது. கம்பெனி என்ன செய்யும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் முழு உண்மை அது அல்ல.

கடன் வாங்கியவர் யார்?

1996-ம் ஆண்டு வரை அமெரிக்காவில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு கம்பெனி நாடு முழுவதும் சேர்த்து 40 ரேடியோ நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்கு ஊர் வேறு வேறு முதலாளிகள் இருந்தால்தான் ஊருக்கு ஊர் வேறு வேறு குரல் கேட்கும் என்பது அதன் நோக்கம். அந்த ஆண்டு பிப்ரவரி மாதம் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 40 என்ற வரம்பு போய்விட்டது. பெரிய கம்பெனிகள் சந்தையில் கத்தரிக்காய் வாங்குவது போல் நிலையங்களை வாங்கிக் குவித்தன. கிளியர் சானல் என்ற கம்பெனி சில ஆண்டுகளுக்குள் சுமார் 1,200 நிலையங்களுக்குச் சொந்தக்காரர் ஆயிற்று. அந்தக் கம்பெனிதான் 2014-ல் ஐஹார்ட் மீடியா என்று பெயரை மாற்றிக்கொண்டது.

2008-ம் ஆண்டு இந்தக் கம்பெனியையே இரண்டு முதலீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து விலைக்கு வாங்கின. எப்படி வாங்கின என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்து வந்த வினைதான்.

நம் ஊரில் ஒரு பஸ் கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதை வாங்க வருகிறார். அவர் கையில் இருப்பது கொஞ்சம் பணம். மீதிக்குக் கடன் வாங்குகிறார். அந்தக் கடனைத் தம் பெயரில் எழுதவில்லை. பஸ் கம்பெனியின் தலையிலேயே எழுதிவிடுகிறார்! இனிமேல் டிரைவரும் கண்டக்டரும் ஓடி ஓடிச் சம்பாதித்து, தங்களை வாங்கியவரின் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வசூல் குறைந்தால் முதலில் போவது யார்? கண்டக்டர்தான்.

ரேடியோ கம்பெனியில் நடந்தது இதுதான். வாங்கிய சூட்டோடு சூடாகப் பொருளாதார நெருக்கடி வந்தது. விளம்பரம் குறைந்தது. 2009 ஜனவரி 20-ந் தேதி, ஒபாமா ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற அன்று, உலகமே அந்த விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிளியர் சானல் 1,850 பேரை வேலையை விட்டு நீக்கியது. அன்றைக்கு இந்தச் செய்தியை யார் கவனிக்கப் போகிறார்கள்? நாள் பார்த்துத்தான் செய்தார்களோ என்னவோ!

அத்தனை பேரை அனுப்பியும் கடன் தீரவில்லை. யானைப் பசிக்குச் சோளப் பொரி. 2018 மார்ச் மாதம், சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு கம்பெனி கோர்ட்டுக்குப் போய் "திவால்" என்று மனுப் போட்டது. கடன் கொடுத்தவர்கள் 1,000 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். 2019 மே மாதம் கம்பெனி மறுபடியும் எழுந்து நின்றது. எழுந்து நின்ற எட்டாவது மாதம்தான் அந்த ஜனவரி 14.

கடன் கொடுத்தவருக்குக் கோர்ட்டு இருந்தது; பேச்சுவார்த்தை இருந்தது. 30 வருஷம் உழைத்த அறிவிப்பாளருக்கு வாசல் வரை துணை மட்டும் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. பல அறிவிப்பாளர்களின் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. வேலை போன பிறகு இத்தனை மாதத்துக்கு அதே ஊரில் வேறு ரேடியோவில் பேசக் கூடாது! வேலையும் இல்லை, தெரிந்த தொழிலை அந்த ஊரில் செய்யவும் கூடாது என்றால் குடும்பம் என்ன செய்யும்? வீட்டை விற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். இந்த அநியாயத்தைச் சில மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. எல்லா மாநிலங்களும் தடுக்கவில்லை.

ஊருக்கு வராத உள்ளூர்க்காரர்

அறிவிப்பாளரை அனுப்பிவிட்டால் நிகழ்ச்சியை நடத்துவது யார்?

அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். எங்கோ ஒரு பெரிய நகரத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வர வேண்டிய பேச்சை மட்டும் பதிவு செய்கிறார். நாலு மணி நேர நிகழ்ச்சிக்கு வேண்டிய பேச்சை ஒரு மணி நேரத்துக்குள் பேசி முடித்துவிடலாம். பிறகு அடுத்த ஊருக்கு, அதற்கு அடுத்த ஊருக்கு. கம்ப்யூட்டர் அதைப் பாட்டோடு கோத்துவிடும். எந்த ஊருக்குப் பேசுகிறாரோ அந்த ஊரின் தெருப் பெயரும், பந்தாட்டக் குழுவின் பெயரும் கடுதாசியில் எழுதி முன்னால் இருக்கும். கேட்கிறவர்கள், "நம் ஊர்க்காரர் பேசுகிறார்" என்று நினைத்துக்கொள்வார்கள். அவரோ அந்த ஊரில் கால் வைத்தே இருக்க மாட்டார்.

பேசுகிறவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் வயிறு இருக்கிறது. இருபது பேருடைய வேலையை ஒருவர் தலையில் கட்டி, அவரையும் "நாளைக்கு நீ இருப்பாயோ மாட்டாயோ" என்ற பயத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

பாட்டுக் கேட்பதற்கு இது போதும். ஆனால் ரேடியோ பாட்டுப் பெட்டி மட்டும்தானா? மைனாட் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள்.

மைனாட் நகரின் இரவு

வடக்கு டகோட்டா மாநிலத்தில் கனடா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய நகரம் மைனாட். அப்போது 36,000-க்குச் சற்று அதிகமான மக்கள் இருந்தார்கள். குளிர்காலத்தில் எலும்பை உறைய வைக்கும் குளிர்.

2002 ஜனவரி 18-ந் தேதி, நள்ளிரவு கடந்து 1 மணி 37 நிமிடம். 112 பெட்டிகள் கொண்ட சரக்கு ரெயில் ஒன்று நகரத்தின் ஓரத்தில் தடம் புரண்டது. 31 பெட்டிகள் கவிழ்ந்தன. அவற்றில் சில, அம்மோனியா ஏற்றி வந்த டாங்கிகள். வயலுக்கு உரமாகப் போடும் சரக்குத்தான். ஆனால் காற்றில் கலந்தால் கண்ணைப் பொசுக்கும். மூச்சுக் குழாயைப் பொசுக்கும். 5 டாங்கிகள் வெடித்துப் பிளந்து, சுமார் ஒன்றரை லட்சம் காலன் அம்மோனியா வெளியே கொட்டியது. வெண்புகை போல எழுந்து வீடுகளை மூடியது. புகை சூழ்ந்த பகுதியில் இருந்தவர்கள் 11,600 பேர்.

மக்கள் தூக்கத்திலிருந்து விழித்தார்கள். கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது. வெளியே ஓடுவதா, உள்ளேயே இருப்பதா? குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறுவதா? ஓடினால் புகைக்குள்ளேயே போய் விழலாம். உண்மையில் செய்ய வேண்டியது என்ன? ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். குளியல் அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஈரத் துணியை மூக்கில் வைத்து மூச்சு விட வேண்டும். இரண்டே வாக்கியம். ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அதைச் சொல்லக்கூடியது ரேடியோ ஒன்றுதான். இப்போது போல் ஆளுக்கொரு செல்போன் இல்லாத காலம்.

மைனாட் நகரில் 6 வர்த்தக ரேடியோ நிலையங்கள் இருந்தன. ஆறும் கிளியர் சானல் கம்பெனிக்கே சொந்தம்.

போலீசார் அவசர ஒலிபரப்புக்கு என்று குறிக்கப்பட்டிருந்த நிலையத்துக்கு டெலிபோன் செய்தார்கள். உடனே தொடர்பு கிடைக்கவில்லை. நிமிடங்கள் ஓடின. ரேடியோவைத் திருப்பியவர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. வழக்கமான பாட்டு வந்துகொண்டிருந்தது என்று பலர் சொன்னார்கள்.

அந்த விபத்தில் ஒருவர் உயிர் இழந்தார். 300-க்கும் அதிகமானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 11 பேருக்குப் பலத்த காயம்.

நடந்ததைப் பற்றிப் பிறகு பெரிய சர்ச்சை எழுந்தது. "நிலையத்தில் ஆள் இருந்தார், ஊரே டெலிபோன் செய்ததால் லைன் கிடைக்கவில்லை, எச்சரிக்கைக் கருவியைப் போலீசார் சரியாக இயக்கவில்லை" என்று கம்பெனி சொன்னது. அதில் உண்மை இருக்கலாம். அந்தக் கருவி அன்று கைகொடுக்கவில்லை என்பதும் சரிதான். ஆனால் கருவி கைகொடுக்காத நேரத்துக்குத்தானே மனிதன் வேண்டும்? ஆறு நிலையங்கள், ஆறு முதலாளிகள், ஒவ்வொன்றிலும் இரவு முறைக்கு ஓர் ஆள் என்று இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவருக்காவது ஜன்னல் வழியே நாற்றம் வந்திருக்கும். டெலிபோனுக்குக் காத்திராமல் மைக்கைத் திறந்திருப்பார்.

நேர் மாறான கதையும் உண்டு. 2005 ஆகஸ்டு மாதம் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. டபிள்யூ.டபிள்யூ.எல். என்ற உள்ளூர் ரேடியோ மட்டும் விடாமல் பேசியது. கூரையில் ஏறி நின்றவர்கள் பாட்டரி ரேடியோவில் அதைக் கேட்டார்கள். உதவி வராத ஆத்திரத்தில் நகர மேயர் பொரிந்து தள்ளியதும் அந்த ரேடியோவில்தான். அந்தப் பேச்சு உலகம் முழுவதும் எட்டியது. போட்டி நிலையங்கள் எல்லாம் பகையை மறந்து ஒரே ஒலிபரப்பாகச் சேர்ந்துகொண்டன. கிளியர் சானலின் நிலையங்களும் அதில் சேர்ந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரை அறிந்த ஆட்கள் இருந்தார்கள், ஆகையால் முடிந்தது.

சட்டமும் கைவிட்டது

மைனாட்டைப் பார்த்த பிறகாவது, "ஒவ்வொரு நிலையத்திலும் ஆள் இருந்தே தீர வேண்டும்" என்று சட்டத்தை இறுக்கியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ்.

ரேடியோ நிலையம் எந்த ஊருக்கு உரிமம் பெற்றதோ அந்த ஊரிலோ பக்கத்திலோ அதன் முக்கிய ஒலிப்பதிவுக் கூடம் இருக்க வேண்டும், அதில் ஊழியர்கள் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு விதி இருந்தது. ஏறக்குறைய 80 ஆண்டு காலத்து விதி. 2017 அக்டோபரில் மத்திய தொலைத்தொடர்புக் கமிஷன் அதை எடுத்துவிட்டது. கமிஷனில் மூன்று பேர் "எடுக்கலாம்" என்றார்கள். இரண்டு பேர் "கூடாது" என்றார்கள். இன்டர்நெட் வந்த பிறகு ஊரில் கூடம் எதற்கு, வீண் செலவுதானே என்பது எடுத்தவர்கள் சொன்ன காரணம். ஊருக்குள் ஒரு நாற்காலி கூடப் போடாமல் ஊரின் பெயரால் ரேடியோ நடத்த அன்றைக்கு வழி திறந்தது.

இது தவறு. ரேடியோ அலை கம்பெனி வாங்கிய சொத்து அல்ல. அது பொதுச் சொத்து. அதில் பேச உரிமம் கொடுப்பது அரசாங்கம். பஸ் ரூட்டுக்குப் பெர்மிட் வாங்கியவர், "என் பஸ் உங்கள் ஊரில் நிற்காது; பக்கத்து ஊருக்கு வந்து ஏறிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் பெர்மிட் போகும். ரேடியோவுக்கு மட்டும் என்ன தனி நீதி? உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இரவு 2 மணிக்கு டெலிபோன் அடித்தால் எடுப்பது யார்?" என்பதுதான்.

செத்தவரைப் பேட்டி கண்ட எந்திரம்

இப்போது இன்னும் ஒரு படி போய்விட்டார்கள். எங்கோ இருந்து பேசுகிற அந்த ஒருவர் கூட வேண்டாமாம். கம்ப்யூட்டரே பேசிக்கொள்ளுமாம்.

போலந்து நாட்டில் கிராக்கோவ் நகரில் "ஆஃப் ரேடியோ கிராக்கோவ்" என்று ஒரு நிலையம். பொதுப் பணத்தில் நடப்பது. அதில் நிகழ்ச்சி நடத்திவந்த சுமார் 12 பேரை அனுப்பிவிட்டார்கள். 2024 அக்டோபரில் செயற்கை அறிவு எந்திரம் உண்டாக்கிய மூன்று அறிவிப்பாளர்களைக் கொண்டு நிலையத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். ஆட்களை அனுப்பியதற்கு எந்திரம் காரணம் அல்ல, கேட்பவர்கள் இல்லை என்பதே காரணம் என்று நிலையம் சொன்னது. எந்திரம் செய்த முதல் காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? நோபல் பரிசு பெற்ற பெண் கவிஞர் சிம்போர்ஸ்காவைப் பேட்டி கண்டது. அவர் 2012-லேயே காலமாகிவிட்டார்! இல்லாதவரிடம், இல்லாதவர் கேள்வி கேட்டு, இல்லாத பதிலை ஒலிபரப்பினார்கள்.

ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். வேலை இழந்தவர்களில் ஒருவர் ஆரம்பித்த மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று மாதம் நடத்தப்போவதாக இருந்த சோதனை சுமார் ஒரு வாரத்தில் நின்றது.

கேட்க ஆள் இல்லை என்று சொன்ன ரேடியோவுக்காக அத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

நம் வீட்டு ரேடியோ

நிற்க. இது எல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை.

சென்னையில் 1924-ம் ஆண்டிலேயே ஒரு ரேடியோ சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் இல்லாமல் 1927-ல் படுத்துவிட்டது. அதன் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டு, 1930 முதல் 1938 வரை தானே நிகழ்ச்சி நடத்தியது. பிறகு அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது. லாபம் இல்லை என்றதும் குரலை நிறுத்திவிடாமல், ஊரே தோள் கொடுத்தது.

இந்தியாவில் முதல் உள்ளூர் வானொலி நிலையம் திறந்ததும் தமிழ்நாட்டில்தான். 1984 அக்டோபர் 30-ந் தேதி, நாகர்கோவிலில். அந்த மாவட்டத்துக் கடலில் மீன் பிடிக்கப் போனவர்களை 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வாரிக்கொண்டு போனது. பலர் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்கள். கரையில் இருந்த பெண்கள் சேதி தெரியாமல் நாள் கணக்கில் கலங்கி நின்றார்கள். உள்ளூரைத் தெரிந்த குரலுக்கு வேலை இல்லை என்று எவரும் அந்தக் கடற்கரையில் போய்ச் சொல்ல முடியாது.

ஆனால் வானொலியில் பேசுகிறவர்களின் நிலை என்ன? பல நிலையங்களில் நாம் கேட்கும் குரல்கள் பகுதி நேர அறிவிப்பாளர்களுடையவை. மாதத்துக்கு அதிகமாகப் போனால் 6 முறைதான் அவர்களுக்கு வேலை. அதற்கு மேல் கொடுத்தால், "நாங்களும் ஊழியர்கள்தாம்" என்று உரிமை கேட்டுவிடுவார்களே! 15 வருஷம், 20 வருஷம் இப்படியே பேசிக் காலம் தள்ளியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஆட்குறைப்புச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த மாத அட்டவணையில் பெயரைப் போடாமல் விட்டால் போதும். முன்னறிவிப்பும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை.

கோர்ட்டுக்குப் போனாலும் சுலபம் அல்ல. தற்காலிகமாக வேலை பார்த்தவர் நிரந்தர வேலையை உரிமையாகக் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2006 ஏப்ரலில், உமாதேவி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. கொல்லைப்புறமாக ஆள் சேர்ப்பதைத் தடுக்க வந்தது அது. ஆனால் முன்வாசலைத் திறந்தால் அல்லவா கொல்லைப்புறத்தை மூடலாம்? ஓய்வு பெற்றுப் போன நிரந்தர அறிவிப்பாளர்களின் இடங்கள் பல, நிரப்பப்படாமலே கிடக்கின்றன.

பிரசார் பாரதி முதலில் அந்த இடங்களுக்கு முறையான தேர்வு வைக்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் பேசியவர்களுக்கு அந்தத் தேர்வில் வயது வரம்பைத் தளர்த்த வேண்டும். நாகர்கோவில், காரைக்கால் போன்ற கடலோர நிலையங்களில், புயல் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரவு முறைக்கு ஆள் போட வேண்டும். அதுவரை, மாதம் 6 முறை என்ற கணக்கையாவது உயர்த்தலாம். இதற்குப் புதிய சட்டம் தேவை இல்லை. நிர்வாகத்தின் ஓர் உத்தரவு போதும்.